பைதான் 3.8இலிருந்து 3.12க்கு: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மாற்றுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து நான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. அதில் ஒரு கேள்வி: "மென்பொருள் எந்த மொழியில், எந்தப் பதிப்பில் ஓடுகிறது? அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதிவரை கிடைக்கும்?" எங்கள் பில்லிங் மென்பொருள் உபுண்டு 20.04 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) சர்வரில், பைதான் 3.8 மொழியில், ஜாங்கோ 3.2 (பைதானில் வலைத்தளம் கட்ட உதவும் சட்டகம்) மேல் ஓடிக்கொண்டிருந்தது. பைதான் 3.8க்கான ஆதரவு 2024 அக்டோபர் 7ஆம் தேதி முடிந்திருந்தது. ஜாங்கோ 3.2க்கு அதற்கும் முன்பே, 2024 ஏப்ரலில் முடிந்துவிட்டது. படிவத்தின் ஒரு கட்டத்திலும் உண்மையான பதிலை எழுத முடியவில்லை.

மாற்றி முடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. வேலையைச் சரியான வரிசையில் செய்திருந்தால் மூன்று வாரம் போதும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வேறு பழைய பதிப்பிலிருந்து வேறு புதிய பதிப்புக்குப் போகிறவர்களுக்கும் படிகள் இவைதான், எண்கள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் ஒன்று. ஆதரவு முடிந்த நாளில் உங்கள் நிரல் நிற்காது. மறுநாளும் அதேபோல் ஓடும், அதனால்தான் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறோம். ஆனால் பின்னால் ஒரு விஷயம் நடக்கிறது. ஒவ்வொரு லைப்ரரியும் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும், பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) தான் எந்தப் பைதானிலிருந்து வேலை செய்யும் என்று குறித்து வைத்திருக்கும். நீங்கள் பழைய பைதானில் இருந்துகொண்டு பிப் என்ற நிறுவும் கருவி மூலம் லைப்ரரியைப் புதுப்பிக்கச் சொன்னால், உங்கள் பைதானுக்கு ஒத்துவரும் கடைசிப் பழைய பதிப்பை அது எடுத்துப் போட்டுவிடும். பிழை எதுவும் காட்டாது. எல்லாம் புதிதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மொழிக்கு மட்டுமல்ல, அதன் மேல் நிற்கும் லைப்ரரிகளுக்கும் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருக்கும்.

1. எங்கெல்லாம் ஓடுகிறது என்று எழுதுங்கள்

நான் இந்தப் படியைத் தாண்டிப்போனேன். பில்லிங் தளம் ஒன்றுதானே என்று நினைத்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பைதான் ஏழு இடத்தில் இருந்தது: தளம், பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி, மூன்று கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், கடையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் விலைப்பட்டியலை ஏற்றும் ஒரு சின்ன நிரல்.

எனவே முதலில் ஒரு தாளோ ஸ்ப்ரெட்ஷீட்டோ எடுத்து இவற்றைப் பதிவு செய்யுங்கள்:

- லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியில் உள்ள சர்வீஸ் கோப்புகள் ஒவ்வொன்றும். அவை எந்தப் பாதையில் உள்ள பைதானை அழைக்கின்றன என்பது
- கிரான் பட்டியல். ரூட் (நிர்வாகி) பயனருடையதை மட்டும் பார்த்தால் போதாது, சர்வரில் உள்ள எல்லாப் பயனர்களுடையதும் வேண்டும்
- பிப் ஃப்ரீஸ் தரும் முழு லைப்ரரிப் பட்டியல், பதிப்பு எண்ணோடு
- நிரலுக்கு வெளியிலிருந்து அமைப்புகளைத் தரும் என்விரான்மென்ட் வேரியபிள்களின் பெயர்கள் (மதிப்புகளைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், இந்தத் தாளில் எழுதாதீர்கள்)
- உபுண்டுவின் நிறுவும் கருவியான ஏப்ட் மூலம் போட்ட சிஸ்டம் பொட்டலங்கள். முக்கியமாகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், படங்களைக் கையாளும் லைப்ரரிகள்
- சர்வரின் நேர மண்டலம்

கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை. எங்கள் பழைய சர்வர் இந்திய நேரத்தில் இருந்தது. புதிதாக வாங்கிய கிளவுட் சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் வந்தது. இரவு 11.30க்கு ஓட வேண்டிய அன்றாட விற்பனை அறிக்கை, கிரானில் அதே 23.30 என்றே இருந்ததால், நம் நேரப்படி மறுநாள் அதிகாலை 5 மணிக்கு ஓடியது. அப்போது "இன்று" என்பது அடுத்த நாள். விற்பனை பூஜ்யம் என்று ஓர் அறிக்கை உரிமையாளருக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. பைதானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பதிப்பை மாற்றும்போது சர்வரும் மாறுவதால் இப்படிப்பட்டவையும் கூடவே வந்து சேரும்.

2. போய்ச் சேரும் பதிப்பைத் தேதி பார்த்து முடிவு செய்யுங்கள்

பைதானில் ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. கணக்கு எளிது: 3.9 முடிந்தது 2025 அக்டோபரில், 3.10க்கு 2026 அக்டோபர், 3.11க்கு 2027, 3.12க்கு 2028, 3.13க்கு 2029.

எப்போதும் ஆகப் புதியதுக்குப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு பதிப்பு வெளிவந்த முதல் சில மாதங்களில், சி மொழியில் எழுதப்பட்ட லைப்ரரிகள் சிலவற்றுக்கு அந்தப் பதிப்புக்கான தயார்ப் பொட்டலங்கள் வந்திருக்காது. பிப் அவற்றை உங்கள் சர்வரிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். தேவையான ஹெட்டர் கோப்புகள் இல்லாமல் தோற்கும். உபுண்டு 24.04 தன்னோடு கொண்டுவருவது 3.12. சர்வரின் சொந்தப் பைதானே அதுவாக இருப்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் ஏப்ட் வழியாகவே வந்துவிடும். அதனால் 3.12ஐத் தேர்ந்தெடுத்தேன்.

விண்டோஸ் கணினி இருந்தால் வேறு கணக்கு. ஒரு பதிப்பு "பாதுகாப்புத் திருத்தம் மட்டும்" என்ற கட்டத்துக்குப் போனதும், பைதான் தளத்தில் அதற்கு மூலநிரல் மட்டுமே வெளிவரும், விண்டோஸ் இன்ஸ்டாலர் வராது. 3.12க்கு வந்த கடைசி இன்ஸ்டாலர் 3.12.10, அது 2025 ஏப்ரலில். கடைக் கணினிக்கு நான் 3.13 போட்டது இதனால்தான்.

3. இரண்டு கரையிலும் நிற்கும் பாலத்தைக் கண்டுபிடியுங்கள்

என் நான்கு வாரத்தைத் தின்றது இந்தப் படிதான். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? புதிய சர்வரில் பைதான் 3.12 போட்டு, எல்லா லைப்ரரிகளையும் ஆகப் புதிய பதிப்புக்கு ஏற்றி, நிரலை ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கான பிழைகள். எது பைதானால் வந்தது, எது ஜாங்கோவால் வந்தது, எது மற்ற லைப்ரரியால் வந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு, பழைய பைதானிலும் புதிய பைதானிலும் ஓடக்கூடிய லைப்ரரிப் பதிப்பு வேண்டும். ஜாங்கோவில் அந்தப் பாலம் 4.2. அது பைதான் 3.8 முதல் 3.12 வரை எல்லாவற்றிலும் ஓடும். 3.2 ஓடுவது 3.10 வரைதான், 5.2க்குக் குறைந்தது 3.10 வேண்டும். எனவே வரிசை இது:

முதலில், பைதான் 3.8இல் இருந்துகொண்டே ஜாங்கோவை 3.2இலிருந்து 4.2க்கு ஏற்றுங்கள். அதை உண்மையான சர்வரிலேயே ஒரு வாரம் ஓடவிடுங்கள். பிறகு ஜாங்கோவைத் தொடாமல் பைதானை 3.12க்கு மாற்றுங்கள். அதுவும் நிலைத்த பிறகு ஜாங்கோவை 5.2க்குக் கொண்டுபோங்கள். 4.2க்கான ஆதரவு 2026 ஏப்ரல்வரைதான், ஆகவே அங்கேயே தங்கிவிடக் கூடாது. 5.2க்கு 2028 ஏப்ரல்வரை உண்டு.

4.2க்குப் போகும்போது லாகின் படிவம் 403 (அனுமதி மறுப்பு) பிழை காட்டினால் பதற வேண்டாம். நம்பகமான முகவரிகளின் பட்டியலில், முன்பு தளத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதும், 4.0 முதல் முன்னால் எச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்த்து முழுதாக எழுத வேண்டும். எனக்கு அரை நாள் போனது, திருத்தம் ஒரே வரி.

மற்ற லைப்ரரிகளுக்கும் இதே முறைதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தெந்தப் பைதான் என்று போட்டிருக்கும். பட்டியலில் மூன்று வண்ணம் தீட்டுங்கள்: அப்படியே ஓடும், பாலப் பதிப்பு உண்டு, கைவிடப்பட்டது. மூன்றாம் வண்ணம்தான் உண்மையான வேலை. எங்களிடம் நாற்பத்தொன்றில் மூன்று லைப்ரரிகள் கைவிடப்பட்டவை. அவற்றில் இரண்டை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. யாரோ எப்போதோ போட்டுவைத்தவை.

4. எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றி, படிப்படியாக ஏறுங்கள்

ஒரு வசதியை மொழியிலிருந்து நீக்கும் முன், பைதான் பெரும்பாலும் சில பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கைகள் இயல்பாக மறைந்தே இருக்கும். பைதானை அழைக்கும்போது டபிள்யூ என்ற விருப்பத்தோடு "எரர்" என்று கொடுத்தால், எச்சரிக்கை வந்த இடத்திலேயே நிரல் நின்று எந்த வரி என்று காட்டும். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட்களை இப்படி ஓட்டுங்கள்.

3.8இலிருந்து நேராக 3.12க்குத் தாவாமல், உங்கள் சொந்தக் கணினியில் 3.10இல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காரணம் உண்டு. டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி 3.12இல் நீக்கப்பட்டுவிட்டது. 3.8 அதைப் பற்றி எச்சரிக்காது, 3.10 எச்சரிக்கும். பைஎன்வ் அல்லது யூவி கொண்டு ஒரே கணினியில் பல பைதான்களை வைத்துக்கொள்ளலாம், செலவில்லை.

இந்த டிஸ்ட்யூட்டில்ஸில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். அதிலுள்ள "ஸ்ட்ர்-டு-பூல்" என்ற சிறு ஃபங்ஷனை, செட்டிங்ஸ் கோப்பில் என்விரான்மென்ட் வேரியபிள்களைப் படிக்கப் பலரும் பயன்படுத்துகிறோம். பிழை விவரங்களைத் திரையில் காட்டச் சொல்லும் டீபக் என்ற வேரியபிளில் "ஃபால்ஸ்" என்று எழுதியிருந்தால் அதை ஃபால்ஸுக்கு இணையான 0 ஆக மாற்றித் தரும். அது இல்லாமல் போனதும், பைதானிலேயே இருக்கும் "பூல்" போதுமே என்று நான் மாற்றினேன். பிழை போய்விட்டது, தளம் ஓடியது. ஆனால் "ஃபால்ஸ்" என்பது இங்கே வெறும் எழுத்துச்சரம். காலியாக இல்லாத எந்த எழுத்துச்சரத்தையும் பூல் "ட்ரூ" என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது டீபக் திறந்து கிடந்தது. ஒரு தவறான முகவரியைத் தட்டியபோது நிரலின் உட்பாதைகளோடு மஞ்சள் நிறப் பிழைப் பக்கம் வந்ததால்தான் தெரிந்தது. அது டெஸ்ட் சர்வரில் நடந்தது. உண்மையான சர்வரில் நடந்திருந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே காட்டியிருக்கும். "ஆம்" என்று கொள்ள வேண்டிய சொற்களை நீங்களே பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் "இல்லை" என்று கொள்ளும் இரண்டு வரி ஃபங்ஷனை எழுதிவிடுங்கள்.

இந்த வழியில் அடிக்கடி உடையும் மற்றவை: கலெக்‌ஷன்ஸ் தொகுப்பிலிருந்து நேராக எடுத்துவந்த மேப்பிங் போன்ற பெயர்கள் (3.10இல் போனது), டெஸ்ட்களில் "அசர்ட் ஈக்வல்ஸ்" என்று எஸ் போட்டு எழுதும் பழைய பெயர் (3.12இல் போனது), ஐஎம்பி தொகுப்பு (அதுவும் 3.12). சிஜிஐ, டெல்நெட்லிப் முதலியவை 3.13இல் நீக்கப்பட்டன, 3.12இல் அவை இருந்தாலும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

5. சிஸ்டத்தின் சொந்தப் பைதானில் கை வைக்காதீர்கள்

இதை மட்டும் மறக்காதீர்கள். பழைய உபுண்டுவில் புதிய பைதானைப் போட்டு, "பைதான்3" என்ற பெயர் அதைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உபுண்டுவின் பல உள் கருவிகள் அதனோடு வந்த பைதானை நம்பியே இருக்கின்றன. அதை மாற்றினால் ஏப்ட் தொடர்பான கட்டளைகளே உடையும். பழைய பைதானை ஏப்ட் மூலம் நீக்கப் பார்ப்பது அதைவிட மோசம், பாதி சிஸ்டம் கூடவே போகும்.

ஓடும் சர்வரின் உபுண்டுவை அங்கேயே மேலேற்றுவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 20.04இலிருந்து 24.04க்கு நேராகப் போக முடியாது, நடுவில் 22.04 வழியாகப் போக வேண்டும். போன பிறகு பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (ஒரு நிரலின் லைப்ரரிகளைத் தனியே வைக்கும் சூழல்கள்) எதுவும் ஓடாது. திரும்பி வரவும் வழியில்லை. புதிய சர்வர் ஒன்றை எடுத்து, பக்கத்திலேயே கட்டுங்கள்.

24.04இல் பிப் கொண்டு நேராக எதையாவது போட முயன்றால், "இந்தச் சூழலை வெளியே ஒருவர் நிர்வகிக்கிறார்" என்ற பொருளில் ஒரு பிழை வரும். அதை மீறும் விருப்பத்தின் பெயரிலேயே "பிரேக்" என்ற சொல் இருக்கிறது. மீறாதீர்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி அதற்குள் போடுங்கள். கிரான் வரிகளிலும் அந்தச் சூழலுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எழுதுங்கள். பழைய சர்வரிலிருந்து வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை நகலெடுத்துக்கொண்டு வர முடியாது. பட்டியலைக் கொண்டுவந்து புதிதாகக் கட்ட வேண்டும்.

6. தமிழ் எழுத்து உள்ள கோப்புகள்

கடைக் கணினியில் இருந்த நிரல், வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பைப் படிக்கும். கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்களாகக் குறிக்கும் முறை) எதையும் குறிப்பிடவில்லை. லினக்ஸில் அது யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கடைக் கணினியின் விண்டோஸ் சிபி1252 என்ற பழைய மேற்கத்திய என்கோடிங்கை எடுத்துக்கொண்டது.

விசித்திரமாக இருந்தது என்னவென்றால், சில பெயர்களில் நிரல் நின்றது, சிலவற்றில் நிற்கவில்லை. "கமலா" என்று மட்டும் உள்ள கோப்பு படிக்கப்பட்டது, ஆனால் பொருளற்ற குறிகளாக வந்தது. "கண்ணன்" வந்ததும் பிழையோடு நின்றது. காரணம் புள்ளி. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. சிபி1252இல் அந்த இடம் காலி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81, அதுவும் காலி. ஏ, ஐ என்ற எழுத்துகளின் மூன்றாவது பைட்டும் இப்படிக் காலியான இடங்கள்தான். எனவே இவற்றில் ஏதாவது வந்த இடத்தில் நிரல் நிற்கும். இவை எதுவும் இல்லாத பெயர்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போய் உள்ளே போகும். நிற்பதைவிட அதுதான் ஆபத்து.

பைதான் 3.15 முதல் இயல்பான என்கோடிங் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8 ஆகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் என்கோடிங்கை நீங்களே எழுதுங்கள். எங்கெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று காட்ட, 3.10 முதல் எக்ஸ் என்ற விருப்பத்தோடு "வார்ன் டிஃபால்ட் என்கோடிங்" என்று கொடுத்து ஓட்டலாம். எங்கள் நிரலில் பத்தொன்பது இடம் கிடைத்தது.

7. செலவு

பைதானுக்கோ ஜாங்கோவுக்கோ ஒரு ரூபாய் இல்லை. செலவாவது இரண்டாவது சர்வருக்கு. பழையதும் புதியதும் இரண்டு மாதம் பக்கம் பக்கமாக ஓட வேண்டியிருக்கும். எங்களுக்கு அது ஏறத்தாழ ₹2,400 ஆனது. உரிமையாளரிடம் இதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பாதியில் "எதற்கு இரண்டு சர்வர்?" என்று ஒன்றை நிறுத்தச் சொன்னால் திரும்பி வரும் வழி அடைபடும்.

மாற்ற நேரமே இல்லை, படிவத்துக்கு உடனே பதில் வேண்டும் என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. உபுண்டு ப்ரோவில் சேர்ந்தால், 20.04க்கும் அதனோடு வந்த பைதான் 3.8க்கும் 2030வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தனிநபர்களுக்கு ஐந்து கணினிவரை இலவசம், நிறுவனங்களுக்குக் கட்டணம். ஆனால் பிப் மூலம் நீங்களாகப் போட்ட லைப்ரரிகளுக்கு அது பொருந்தாது. மூச்சு வாங்க நேரம் தரும், அவ்வளவுதான்.

8. மாற்றும் நாள்

மாதக் கடைசி வேண்டாம். ஜிஎஸ்டி தாக்கல் நாட்களும் வேண்டாம். வெள்ளி இரவும் வேண்டாம். ஏதாவது உடைந்தால் சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும்போதுதான் தெரியும். நாங்கள் செவ்வாய் இரவு பத்து மணிக்குச் செய்தோம். புதன் காலை எல்லோரும் வேலையில் இருப்பார்கள்.

டேட்டாபேஸை மாற்றுவதற்கு முன்கூட்டியே இருமுறை ஒத்திகை பாருங்கள், கடிகாரம் வைத்து. உபுண்டு 20.04இல் போஸ்ட்கிரெஸ் 12, 24.04இல் 16. டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் ஓடாது. டம்ப் (டேட்டா முழுவதையும் எழுதிய கோப்பு) எடுத்து மீட்க வேண்டும். எங்களுக்கு 35 நிமிடம் ஆனது. அது தெரிந்ததால்தான் "பத்து முதல் பதினொன்றரை வரை பில் போட முடியாது" என்று கடைக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

தளத்தின் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் காலாவதி நேரத்தை இரண்டு நாள் முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்துவையுங்கள். பழைய சர்வரில் பில் போடும் சர்வீஸையும் எல்லாக் கிரான் வேலைகளையும் நிறுத்திய பிறகே டம்ப் எடுங்கள். கிரானை மறந்தால் இரண்டு சர்வரிலிருந்தும் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு நினைவூட்டல் போகும்.

வெளியே உள்ள பழைய சேவைகளோடு பேசும் பகுதிகளைத் தனியாகச் சோதியுங்கள். பைதான் 3.10 முதல் பாதுகாப்பான இணைப்புக்கான இயல்பான டிஎல்எஸ் விதிகள் கடுமையாகிவிட்டன, அந்த இணைப்பைக் கையாளும் ஓபன்எஸ்எஸ்எல்லும் புதிய உபுண்டுவில் அப்படியே. எங்கள் மின்னஞ்சல் சர்வர் ஒன்று பழைய டிஎல்எஸ் மட்டுமே பேசியது, இணைப்பு மறுக்கப்பட்டது. பாதுகாப்பைத் தளர்த்தாமல், அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதினோம். பதில் வர ஒன்பது நாள் ஆனது. இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

9. பழையதை மூடுவது

பழைய சர்வரை முப்பது நாள் வைத்திருங்கள். ஒரு மாதக் கடைசி கடந்தால்தான் மாதம் ஒருமுறை ஓடும் வேலைகள் எல்லாம் ஓடியிருக்கும். அதன் பிறகு கடைசி பேக்கப் எடுத்து, அதை வேறிடத்தில் மீட்டுப் பார்த்து, சர்வரை அழியுங்கள். அதிலிருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றுங்கள்.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய பதிலில் நாங்கள் ஐந்து வரி எழுதினோம்: பைதான் 3.12, ஆதரவு 2028 அக்டோபர்வரை, ஜாங்கோ 5.2, 2028 ஏப்ரல்வரை, போஸ்ட்கிரெஸ் 16, 2028 நவம்பர்வரை, உபுண்டு 24.04, 2029வரை, அடுத்த மாற்றம் தொடங்கும் மாதம் 2027 அக்டோபர். அந்தக் கடைசித் தேதியை நாட்காட்டியில், பொறுப்பான இருவர் பெயரோடு குறித்துவிட்டுத்தான் படிவத்தை அனுப்பினோம்.